நீலப் படியும் ஒற்றைக் கையெழுத்தும்

பிள்ளையள், நான் இப்ப மொன்றியலிலை, நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், லிஃப்ற் வைச்ச ஒரு கட்டிடத்திலை, நாலாம் மாடியிலை, காலமை பத்து மணிக்குச் சாரத்தோடை இருந்து இதை எழுதுறன். வேலையிலை இருந்து ஓய்வெடுத்தாச்சு. வெப்சைற் எப்பிடித் திட்டமிடுறது எண்டு புதுசா இந்த வேலைக்கு வந்த உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லட்டாம். எந்த நிறம், எந்தப் பட்டன், தேடினா முதல் பக்கத்திலை எப்பிடி வாறது எண்டதெல்லாம் உங்களுக்கு என்னை விட வடிவாத் தெரியும். நான் வேலையை விட்ட பிறகு அதுகள் மூண்டு தரம் மாறியும் இருக்கும். நான் சொல்லப்போறது நான் விட்ட ஒரு பிழையை. பார்க் எக்ஸ்டென்ஷனிலை இருந்த சொந்த வீட்டை விட்டிட்டு ஏன் இந்த லிஃப்றுக்கை ஏறி இறங்கிக்கொண்டு திரியிறன் எண்டதும் அதுக்கைதான் கிடக்கு.

வாடிக்கையாளரின்ரை பேர் ஜெயம் எண்டு வைப்பம். பேரெல்லாம் மாத்தித்தான் எழுதுறன், தேடித் திரியாதேங்கோ. டவுன்டவுனிலை ஒரு றெஸ்ரோறன்ற் குசினியிலை கன வருசம் நிண்டவன். பேந்து மச்சானோடை சேர்ந்து ஒரு பழைய டூப்ளெக்ஸ், அதுதான் மேலை ஒரு வீடு கீழை ஒரு வீடு, வாங்கித் திருத்தி வித்தான். அது சரிவர, தெரிஞ்ச சனத்திட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் காசு சேர்த்து, வீடு வாங்கிறதும் திருத்திறதும் விக்கிறதும் எண்டு ஒரு சின்னக் கொம்பனியே ஆக்கிப்போட்டான். ஒரு நாள் என்ரை வாசலிலை வந்து நிண்டு, "அண்ணை, எனக்கு ஒரு வெப்சைற் வேணும். பாக்கிறவன் பயப்பிட வேணும்" எண்டான்.

"ஏன்ரா பயப்பிட வேணும்?"

"ஒரு மரியாதைக்குத்தான் அண்ணை."

கையோடை ஒரு படமும் கொண்டுவந்தவன். கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தான் நிக்கிறான், பின்னாலை வானத்தைத் தொடுற கட்டிடம், அதுக்கு மேலை ஒரு கழுகு. "இந்தக் கட்டிடம் உன்ரையோ?" எண்டு கேட்டன். "இல்லையண்ணை, டுபாய்" எண்டான். "நீ டுபாய் போனனியோ?" எண்டன். "கழுகும் என்ரை இல்லைத்தானே அண்ணை" எண்டான். இப்பிடிப்பட்டவனோடை வாதாடிப் பிரயோசனம் இல்லை. வேலையைத் துவங்கினன்.

திட்டம் எண்டா முதல் கேள்வி, இஞ்சை ஆர் வரப்போகினம் எண்டதுதான். இவனிட்டை வாறது ரெண்டு கூட்டம். வீடு விக்க வாறவை ஒரு பக்கம், காசு போட வாறவை இன்னொரு பக்கம். ஜெயம் ரெண்டு பேருக்கும் ஒரே பக்கத்திலை எழுதி வைச்சிருந்தான். மேலை, "உங்கள் வீட்டுக்கு உச்ச விலை தருவோம்." அதுக்குக் கீழை, "நாங்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கித் திருத்துவதால் உங்கள் இலாபம் நிச்சயம்." விக்க வாற மனுசன் கீழ்வரியை வாசிக்க மாட்டானோ எண்டு கேட்டா, "ஆரண்ணை கீழை வரைக்கும் வாசிக்கிறது?" எண்டு என்னையே கேக்கிறான். ரெண்டையும் பிரிச்சன். உச்சத்தையும் அடிமாட்டையும் வெட்டினன். கழுகைத் திறந்து விட்டன். பிரெஞ்சு, இங்கிலிஷ், தமிழ் எண்டு மூண்டு பாசையிலையும் வடிவா ஒரு தளம் வந்தது.

ஒருத்தரும் வரேல்லை.

அதாவது வந்து பாக்கினம். எங்கடை சனம் பாக்காமல் விடுமோ? வீடு விக்கிற படிவம் வரைக்கும் வருகினம், பேர் கேக்கிற இடத்திலை திரும்பி ஓடுகினம். எங்கடை ஆக்களுக்கு வீடு விக்கிறது எண்டது வெளியிலை சொல்லுற விசயமில்லை. வித்தா, "என்னவாம் பிரச்சினை?" எண்டு சேர்ச் வாசலிலை கதை துவங்கீடும். எனக்கு இது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நான் அந்த மகா கெட்டித்தனமான வேலையைச் செய்தன். ஒரு உண்மைக் கதை போடுவம், ஜெயத்துக்கு வீடு வித்த ஒராளின்ரை கதையைப் பேர் ஊர் இல்லாமல் போட்டா மற்றவைக்கு நம்பிக்கை வரும் எண்டு யோசிச்சன்.

ஆள் கைக்குள்ளையே இருந்தார், பெனடிற் அண்ணை. அவரும் றோசலின் அக்காவும் மன்னாரிலை இருந்து வந்து, என்ரை வீட்டிலை இருந்து நாலு தெரு தள்ளி ஒரு டூப்ளெக்ஸிலை இருந்தவை. ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்லை. கன வருசமாகவே அவ மேல்வீடு, அவர் கீழ்வீடு. ஆரும் கேட்டா, அண்ணை குறட்டை விடுறவர் எண்டு ஒரு காரணம் வைச்சிருந்தினம். வீட்டை வித்துப்போட்டுப் பிரியிறது எண்டு முடிவெடுத்து, ஜெயத்துக்கு வித்து, வீட்டுப் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசிட்டைப் போய் ரெண்டு பேரும் ஒப்பமும் வைச்சாச்சு. ஆனா ஒரு நிபந்தனை. ஒரே மகள் டிலானிக்குக் கலியாணம் வருது. அவள் ரொறன்ரோவிலை வேலை. வீடு வித்ததோ தாய் தேப்பன் பிரியிறதோ அவளுக்குத் தெரியாது. கலியாணம் முடியுமட்டும் அந்த வீட்டிலையே இருந்து, முடிஞ்ச பிறகு ஆறுதலா இருத்திச் சொல்லுறது எண்டு றோசலின் அக்கா ஒற்றைக் காலிலை நிண்டவ. இந்த விசயம் ஜெயத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெனடிற் அண்ணையைக் கேட்டன். "பேரைப் போடாட்டி என்ன தம்பி, போடும்" எண்டார். நான் சும்மா ஆளோ? முறையாச் சம்மதப் படிவம் அடிச்சு நீட்டினன். ஒப்பம் வைச்சார். கீழை கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு இருந்தது. அந்தப் படிவத்தைச் செய்தவன் நான்.

பேர் போடேல்லை. கதையோடை போட்ட வீட்டுப் படத்திலை நம்பரை மறைச்சன். பக்கத்து வீட்டுக் காரின்ரை நம்பரைக்கூட மறைச்சன். பிரெஞ்சிலை ரெண்டு வரி, வரட்சியா, நொத்தாரிசு எழுதினது மாதிரி. இங்கிலிஷிலையும் அப்பிடித்தான். தமிழுக்கு வந்த உடனை எனக்குக் கை துருதுருத்திட்டுது. சின்னனிலை கட்டுரைப் போட்டியிலை பரிசு வாங்கினவன் எல்லே! "பிரிவின் வாசலில் நின்ற ஒரு தம்பதி. கண்ணீரோடு வந்தார்கள், புன்னகையோடு போனார்கள்" எண்டு எழுதி, எழுதினதை நானே ரெண்டு தரம் சத்தமா வாசிச்சு ரசிச்சன். இப்ப நினைக்க எனக்கே அடி போடவேணும் போலை கிடக்கு.

வெள்ளிக்கிழமை ஏத்தினன். ஞாயிறு மத்தியானம் ஜெயம் போன். "அண்ணை! கிடுகிடெண்டு ஏறுது! நேற்றிலை இருந்து எத்தினை பேர் பாத்திருக்கினம் தெரியுமோ!" உண்மையைச் சொல்லுறன், எனக்கும் உச்சி குளிர்ந்து போச்சு. திட்டம் எண்டா இதுதான்ரா எண்டு அவனுக்கு ஒரு பிரசங்கமும் வைச்சன்.

அந்த நேரம் பாத்து என்ரை மனுசி சேர்ச்சிலை பூசை முடிஞ்சு வந்தா. எங்கடை வீடும் மேல்வீடுதான், வெளிப்படி பதினேழு. ஒவ்வொரு படியிலையும் நிண்டு நிண்டு, "என்ரை யேசுவே, இந்தப் படி" எண்டு ஏறி வாறது அவவின்ரை வழக்கம். அண்டைக்கு யேசுவையும் கூப்பிடேல்லை. நேரை வந்து போனை என்ரை முகத்துக்கு முன்னாலை நீட்டினா.

"இஞ்சாருங்கோ. இது றோசலின் அக்கா வீடெல்லே?"

"உமக்கு எப்பிடித் தெரியும்? நம்பரை மறைச்சனான்."

"நம்பரை ஆர் பாத்தது? படியைப் பாருங்கோ."

பாத்தன். வளைஞ்ச இரும்புப் படி, இந்த நகரத்திலை எல்லா வீட்டுக்கும் இருக்கிற படி. ஆனா இது நீலம். சேர்ச்சிலை மாதா கெபிக்கு அடிச்ச நீலப் பெயின்ற் மிஞ்சினதைப் பெனடிற் அண்ணை வீணாக்காமல் கொண்டுவந்து தன்ரை வீட்டுப் படிக்கு அடிச்சிருந்தவர். மொன்றியலிலை அந்த நீலத்திலை ரெண்டே ரெண்டு சாமான்தான் இருக்கு. ஒண்டிலை மாதா நிக்கிறா. மற்றதிலை றோசலின் அக்கா ஏறி இறங்கிறா. எங்கடை சேர்ச் பங்கிலை உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"பெண்டுகளின்ரை வட்ஸ்அப் குறூப்பிலை காலமையிலை இருந்து இதுதான் சுத்துது" எண்டா மனுசி. "பிரிவின் வாசலாம். ஆர் இந்த விசர்க்கதையை எழுதினது?"

நான் கொம்பியூட்டரைத் திறந்தன். அவவுக்கு விளங்கீட்டுது.

உடனை பக்கத்தைக் கழட்டினன். ஆனா போனுகளிலை படம் பிடிச்சு வைச்சிருக்கிறதைக் கழட்டேலுமோ? டிலானிக்கு இஞ்சை சிநேகிதியள் எத்தினை பேர்! பின்னேரத்துக்கிடையிலை அவளுக்குப் போய்ச் சேர்ந்திடும். கலியாணத்துக்கு மூண்டு கிழமை கிடக்கு. தன்ரை தாயும் தேப்பனும் பிரியிறதை அந்தப் பிள்ளை என்ரை பரிசுக் கட்டுரையிலை இருந்து அறியப்போகுது.

ஜெயத்துக்கு எடுத்தன். அவன் குசினிக்காரன், கறி கருகினா மேலை மல்லியிலை தூவி அனுப்பிற பழக்கம். "அண்ணை பயப்பிடாதேங்கோ. பக்கத்தைத் திருப்பி ஏத்துங்கோ. தமிழை மாத்துங்கோ. வயசு போன ஒரு சோடி, பனி வெட்ட ஏலாமல் சின்ன வீட்டுக்குப் போகினம் எண்டு எழுதுங்கோ. முந்திப் போட்டது வேறை ஆக்களின்ரை கதை, படம் மாறிப்போச்சு எண்டு குறூப்பிலை விடுவம். முடிஞ்சுது அலுவல்."

பிள்ளையள், உங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது. நான் இருந்து எழுதத் துவங்கீட்டன். அவசரத்திலை அது நல்ல யோசினையாத்தான் தெரிஞ்சுது. அவை ரெண்டு பேரும் ஆளை ஆள் பாத்துச் சிரிச்சுக்கொண்டு சின்ன வீட்டுக்குப் போற மாதிரி ரெண்டு வரி எழுதியும் போட்டன். மனுசி பின்னாலை நிண்டு வாசிச்சுக்கொண்டு நிண்டது எனக்குத் தெரியாது.

"உதை றோசலின் அக்காட்டைக் கேட்டனீங்களோ?"

"பெனடிற் அண்ணை ஒப்பம் வைச்சவர்."

"நான் அவவைக் கேட்டனீங்களோ எண்டெல்லே கேட்டனான்."

நான் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பினன்.

"முதல் எழுதினதையாவது கேட்டனீங்களோ?"

சப்பாத்தைப் போட்டன்.

நாலு தெரு. பனி கரைஞ்சு சேறா ஓடுது. ஜான்-தலோன் தெருவிலை இனிப்புக் கடை வாசலிலை தெரிஞ்ச ரெண்டு பேர், "என்னண்ணை, உங்கடை வெப்சைற் நல்லா ஓடுதாம்" எண்டு கேட்டுச் சிரிச்சினம். தலையைக் குனிஞ்சுகொண்டு போனன். அந்த நீலப் படியிலை ஏறேக்கை கால் கூசிச்சுது.

றோசலின் அக்கா கதவைத் திறந்தா. கையெல்லாம் பயத்தம் மா. கலியாணத்துக்குப் பலகாரம், மேசை முழுக்க உருண்டை பிடிச்சு அடுக்கியிருக்கு.

"வாரும் எழுத்தாளர்" எண்டா.

நான் மன்னிப்புக் கேக்க வாயெடுத்தன். அவ விடேல்லை.

"கண்ணீரோடு வந்தார்கள், புன்னகையோடு போனார்கள். வடிவான வசனம். ஆர் தம்பி சிரிச்சது? கீழை இருக்கிறவரோ, நானோ?"

"அக்கா, பிழை என்ரை..."

"கண்ணீர் ஆருக்கு வந்தது? நீர் பாத்தனீரோ? நான் அழேல்லை. சிரிக்கவும் இல்லை. எனக்கு இருந்தது களைப்பு. இருபத்தாறு வருசக் களைப்பு. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அதைச் சொல்லியிருப்பன். நீர் அந்த மனுசனைக் கேட்டு, அவர் சொன்னதை வைச்சு, என்ரை முகத்திலை ஒரு சிரிப்பையும் ஒட்டி விட்டிருக்கிறீர்."

நான் அங்கை நிண்டு சுருங்கிப்போனன். இந்த வேலையிலை எத்தினையோ பேரிட்டை ஏச்சு வாங்கியிருக்கிறன். அண்டைக்கு வாங்கினது இண்டைக்கும் காதுக்கை கிடக்கு.

"பக்கத்தை எடுத்திட்டன் அக்கா. வேணுமெண்டா ஜெயம் சொல்லுறான், வேறை ஆக்கள் எண்டு..."

"அப்ப இன்னொரு பொய்யும் எழுதி வைச்சிருக்கிறீரோ?"

அந்த நேரம் மேசையிலை கிடந்த போன் அடிச்சுது. டிலானி.

அக்கா போனைப் பாத்தா. நானும் பாத்தன். "நான் கதைக்கிறன் அக்கா, எல்லாம் நான் செய்த பிழை எண்டு சொல்லுறன்" எண்டன்.

"நீர் கதைச்சது காணும்."

மாக்கையைத் துடைச்சுப்போட்டு எடுத்தா. டிலானி ஏதோ பூவைப் பற்றிக் கேக்கிறாள். வெள்ளையோ, வெளிறின றோசோ, அம்மா கெதியாச் சொல்லுங்கோ எண்டு. அவளுக்கு இன்னும் ஒண்டும் போய்ச் சேரேல்லை. நான் மூச்சு விட்டன். வெள்ளை எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிருக்கலாம், இன்னும் ஒரு மணித்தியாலமோ ரெண்டோ கிடைச்சிருக்கும். அக்கா என்ன செய்தா தெரியுமோ? போனைக் கையாலை பொத்திக்கொண்டு யன்னலாலை எட்டிக் கீழை பாத்து, "இஞ்சாருங்கோ, மேலை வாங்கோ. பிள்ளை போனிலை நிக்கிறாள்" எண்டு கூப்பிட்டா. அந்தப் படியிலை பெனடிற் அண்ணை ஏறி வாற சத்தம் கேட்டுது. கன காலத்துக்குப் பிறகு அவர் அந்த மேல்வீட்டுக்கு ஏறினதாம், பேந்துதான் அறிஞ்சன்.

"பிள்ளை, பூவைப் பேந்து பாப்பம்" எண்டா அக்கா. "அப்பாவும் நிக்கிறார். உனக்கு ஒண்டு சொல்லவேணும். வேறை ஆரும் சொல்ல முந்தி நாங்கள் சொல்லவேணும்."

நான் கதவைச் சாத்திப்போட்டு இறங்கி வந்து தெருவிலை நிண்டன். எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு தெரியேல்லை. பேந்து பெனடிற் அண்ணை வந்தார். கண் சிவந்திருந்தது. "அழுகிறாள் தம்பி. எங்களிலை கோவம். ஆனா, 'நல்ல காலம் நீங்கள் சொன்னது, வேறை ஆரும் சொல்லியிருந்தா நான் அங்கை வந்தே இருக்க மாட்டன்' எண்டும் சொன்னாள்" எண்டார். பேந்து என்னைப் பாத்து, "நானும் அவவைக் கேட்டிருக்க வேணும்" எண்டு சொல்லிப்போட்டுக் கீழ்வீட்டுக்குப் போகாமல் திரும்பி மேலை ஏறினார். சேர்ந்திட்டினம் எண்டு நினையாதேங்கோ. போன் இன்னும் முடியேல்லை, அவ்வளவுதான்.

நான் பயந்தபடியே குறூப்பிலை சுத்தின படம் பின்னேரம் டிலானிக்குப் போனது. "தெரியும், அம்மா சொன்னவ" எண்டு ஒற்றை வரியிலை மறுமொழி அனுப்பினாளாம். குறூப் கப்சிப். கலியாணம் நடந்தது. ஒரு பக்கம் தாய், மற்றப் பக்கம் தேப்பன், நடுவிலை பிள்ளை. என்னைக் கூப்பிடேல்லை. என்ரை மனுசியைக் கூப்பிட்டினம். அவ போய் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்து, வந்த பலகாரப் பெட்டியையும் எனக்குக் காட்டாமல் வைச்சா.

அதுக்குப் பிறகு ஜெயத்தின்ரை தளத்திலை ரெண்டு வேலை செய்தன். சம்மதப் படிவத்திலை கோடு ரெண்டாச்சு. வீடு விக்கிற படிவத்திலை பேருக்கும் முதல், எல்லாத்துக்கும் மேலை, ஒரு கேள்வி போட்டன்: "இந்த விசயம் இன்னும் ஆருக்குத் தெரியாது?"

ஜெயம் துள்ளினான். "என்னண்ணை, பொலிஸ் விசாரணையோ? உள்ள சனமும் ஓடப்போகுது!"

ஒருத்தரும் ஓடேல்லை. முந்திப் பேர் கேட்ட இடத்திலை திரும்பி ஓடினவை இப்ப இந்தப் பெட்டியைத்தான் முதல் நிரப்பினவை. "பிள்ளையளுக்கு." "கீழ்வீட்டிலை இருக்கிற தம்பிக்கு." "சேர்ச்சிலை ஒருத்தருக்கும் வேண்டாம்." இவங்கள் வாயைத் திறக்க முந்தி எங்களைக் கேக்கிறாங்கள் எண்டு சனத்துக்கு விளங்கினது. ஜெயம் வீடு விக்கிற ஆளிட்டைப் போக முந்தி ஆரிட்டை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும், ஆரையும் சேர்த்து இருத்திக் கதைக்கவேணும் எண்டு தெரிஞ்சுகொண்டு போவான். கழுகு செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. ஜெயம் இப்பவும் அது தன்ரை யோசினை எண்டுதான் சொல்லித் திரியிறான். சொல்லட்டும்.

நானும் விடேல்லை. போற இடமெல்லாம் இதே பிரசங்கம்தான். வாற வாடிக்கையாளர் எல்லாரையும், "மற்ற ஆளைக் கேட்டனீங்களோ?" எண்டு மடக்கிறது. வீட்டிலை மனுசி தேத்தண்ணி வைக்கேக்கை அதையே அவவுக்கும் விளங்கப்படுத்திறது. அவ முழங்காலிலை எண்ணெயைத் தடவிக்கொண்டு, "ஓம் ஓம்" எண்டு கேட்டுக்கொண்டு இருப்பா.

ஜெயத்தின்ரை தளத்திலை நிரப்பிற படிவமெல்லாம் முதல் என்ரை மெயிலுக்குத்தான் வரும். காலமை தேத்தண்ணியோடை நான்தான் வாசிக்கிறது. ரெண்டு பனிக்காலம் கழிஞ்சு, ஒரு திங்கட்கிழமை காலமை ஒரு படிவம் வந்தது. தமிழிலை. விலாசத்தை வாசிச்சன். திரும்பவும் வாசிச்சன். என்ரை வீடு.

விக்கிறதுக்குக் காரணம்: "பதினேழு படி. ஒரு முழங்கால்."

மேலை அந்தப் பெட்டி. இந்த விசயம் இன்னும் ஆருக்குத் தெரியாது?

"என்ரை மனுசனுக்கு. நாலு வருசமாச் சொல்லுறன். அவருக்கு இன்னும் தெரியாது."

கோப்பையை வைச்சன். எத்தினை "என்ரை யேசுவே" எண்டு மனதுக்கை எண்ணிப் பாத்தன், எண்ணி முடியேல்லை. எழும்பிக் குசினிக்குப் போனன். அவ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டுறா. திரும்பிப் பாக்கேல்லை.

"மெயில் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"ஆ" எண்டா. "அப்ப இனித் தெரியும்."